கணிதப் புலவர் சீநிவாச இராமானுஜன்

சேலம் நாமக்கல் சமவெளியில் உள்ள வெண்ணந்தூர், தறித்தொழிலால் வாழும் குடும்பங்கள் பலவற்றைத் தன்னகத்தே கொண்ட ஊர். அவ்வூரினின்றும் தென்மேற்கே சென்று காவிரியைக் கடப்பின் ஈரோட்டை அடையலாம். நேர் தெற்கே செல்லின் ஒற்றைப் பாறையாய் ஓங்கி நிற்கும் நாமக்கல் மலை தோன்றும். ஈரோட்டிலிருந்து ஆற்றின் போக்கிலே கீழே இறங்கின் கொடுமுடி. இம்மூன்று ஊர்களும் உலகம் போற்றும் கணிதப் புலவர் ஒருவருடைய வாழ்க்கையோடு பிணைந்தவை. முதலாவது அவர் பிறந்த ஊர்; இரண்டாவது அவருடைய குலதெய்வம் உறையும் ஊர்; மூன்றாவது, நோயுற்று நாடு திரும்பிய அவர் தம் கடைசிக் கோடையில் தங்கியிருந்த ஊர். அவரே சீநிவாச இராமானுஜன்.

அவருடைய வரலாறு பலராலும் பலமுறை எழுதப்பட்டதே. ஆயினும் அவர் 1918-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையைப்பற்றிக் கணிதம் கற்றார் அல்லாத பிறர் அறிவது அரிது. எப்பயனையும் கருதாமல் முழு எண்களின் இயல்பை ஆராய்ந்து அவர் கண்ட ஒரு முடிவு, ஏறக்குறைய நூறாண்டு கழிந்தபின், ஒலியையும் ஒளியையும் நாடித்துடிப்பையும் எண்களாக்கி ஆராயும் பொறிகளின் கணக்கை எளிதாக்கும் கருவியாகியது. தமிழ் பயிலும் நாம் கணிதத்தில் வல்லரல்லேம். எனினும் இதனை இயன்ற அளவு விளங்கிக்கொண்டு, அவர் வரலாற்றோடு சேர்த்து ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வாழ்ந்தவர். தாயார் கோமளத்தம்மாள். நெடுநாள் மகப்பேறின்றி இருந்து, நாமக்கல் நாமகிரித் தாயாரை வழிபட்டுப் பெற்ற பிள்ளை இவர் என்பது அக்குடும்பத்தாரின் நம்பிக்கை. தமக்குக் கணித உண்மைகள் புலப்பட்டது அத்தாயின் அருளாலேயே என்று இராமானுஜனும் இறுதிவரை நம்பினார். நம் சமயம் வேறாயினும், ஒருவர் தம் வாழ்வின் வேராகக் கொண்டதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது.

அவர் வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவிலே. 1897-ஆம் ஆண்டு நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறி, மறு ஆண்டில் டவுன் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தார். பதின்மூன்று வயதளவில், மூத்த மாணவர் கற்கும் திரிகோணமிதி நூலைத் தாமே கற்றுத் தேர்ந்துவிட்டார். 1903-ஆம் ஆண்டில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒன்று அவர் கைக்கு எட்டியது. அதில் ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருந்தன. அவற்றை நிறுவும் வழிகளோ பெரும்பாலும் இல்லை. பிறர்க்கு இது குறையாகத் தோன்றும். இராமானுஜனுக்கோ அதுவே வாய்ப்பாயிற்று. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவப் புகுந்தவர், அந்நூலில் இல்லாத புதிய முடிவுகளையும் கண்டுகொண்டே சென்றார்.

கல்வியும் தோல்வியும்

1904-ஆம் ஆண்டு உதவிச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கியவர்க்கு ஆங்கிலமும் வரலாறும் உடற்கூற்றியலும் உள்ளத்தில் ஏறவில்லை. ஆங்கிலத்தில் தவறியதனால் உதவிச் சம்பளம் பறிபோயிற்று. அந்நாணத்தால் 1905-ஆம் ஆண்டில் ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம்வரை சென்று மீண்டார். 1906-ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து எப்.ஏ. தேர்வு எழுதினார், தவறினார். மறு ஆண்டு மீண்டும் எழுதினார், மீண்டும் தவறினார். அத்தோடு அவருடைய கல்லூரிப் படிப்பு முடிந்தது.

தேர்வு நெருங்குந்தோறும் நெஞ்சம் நடுங்கும் மாணவராகிய நாம் இவ்விடத்தில் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். தோல்வி அவருக்கு இனித்ததன்று. படிப்பில்லை, பட்டமில்லை, வேலையில்லை, பல நாள் நல்லுணவுமில்லை. காகிதம் வாங்கப் பொருளின்மையால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையாலே துடைத்து, முடிந்த முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இடைப்பட்ட படிகள் எல்லாம் பலகையோடு அழிந்தன. அக்குறிப்பேடுகளில் உள்ள முடிவுகளுக்கு நிறுவல் தேடுவதில் பின்வந்த கணிதப் பேராசிரியர்கள் பல பத்தாண்டுகளைச் செலவிட்டனர்.

சென்னை வாழ்க்கை

1909-ஆம் ஆண்டில் ஜானகியம்மாளை மணந்தார். குடும்பப் பொறுப்பு வந்தமையால் குறிப்பேட்டைக் கையில் ஏந்தி வேலை தேடிப் புறப்பட்டார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ஆம் ஆண்டில் நிறுவிய வி. இராமசாமி ஐயர் அக்காலத்தில் திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தார். இராமானுஜன் அவரிடம் கேட்டது ஓர் எளிய எழுத்தர் வேலை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த ஐயரோ, இத்தகைய அறிவை ஒரு தாலுகா அலுவலகத்தில் புதைக்க மனம் வராமல், சென்னையிலுள்ள கணித அன்பர்களிடம் அனுப்பிவைத்தார். நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையினின்றும் கொடுத்து உதவினார். 1911-ஆம் ஆண்டில் இராமானுஜனுடைய முதற் கட்டுரை கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

பிறர் பொருளில் வாழ மனம் ஒவ்வாமையால், 1912-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1-ஆம் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அங்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். இரவுகளில் இருவரும் பலகையோடு அமர்ந்து கணக்கிடுவர். அவ்வலுவலகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், தாம் கண்ட முடிவுகள் பலவற்றைக் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதி அனுப்பினார். அறியாத நாட்டு அறியாத எழுத்தர் ஒருவருடைய கடிதம் அது. ஹார்டி அதனை எறிந்துவிடவில்லை. தம் தோழர் லிட்டில்வுட்டுடன் இருந்து ஆராய்ந்து, எழுதியவர் ஒப்பற்ற மேதை என்று துணிந்தார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவியாக அளித்தது. பட்டம் பெறாத ஒருவர்க்கு அஃது அரிய சிறப்பு.

கடல் கடத்தல் வைதிகக் குடும்பங்களில் விலக்கப்பட்டிருந்த காலம் அது. இராமானுஜன் நாராயண ஐயருடன் நாமக்கல் சென்று, நாமகிரித் தாயார் கோவிலில் சில இரவுகள் தங்கி, அதன் பின்னரே பயணத்துக்கு இசைந்தார் என்பர். கேம்பிரிட்ஜிலிருந்து வந்திருந்த நெவில் என்பாரும் அவரை இணக்கினார். 1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் அவர் ஏறிய நெவாசா என்னும் கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது.

கேம்பிரிட்ஜில்

டிரினிட்டிக் கல்லூரியில் அவர் இருந்த ஐந்தாண்டில் பெரும்பகுதி முதல் உலகப்போர் நிகழ்ந்த காலம். மரக்கறி உணவுக்குத் தாமே சமைத்துக்கொண்டு, குளிரையும் தனிமையையும் தாங்கி, ஹார்டியோடு இணைந்து உழைத்தார். 1916-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியால் பி.ஏ. பட்டம் பெற்றார். எப்.ஏ. தேறாதவர்க்குக் கேம்பிரிட்ஜ் அளித்த பட்டம் அது.

இருவரும் கூடிக் கண்ட முடிவுகளுள் ஒன்றை மட்டும் கூறுவோம். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வகையாகப் பிரிக்கலாம். எண் பெருகப் பெருகப் பிரிவுகள் அளவின்றிப் பெருகும். 200-ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம் என மக்மஹன் என்னும் அறிஞர் படிப்படியாகக் கணக்கிட்டு, 3,972,999,029,388 என விடை கண்டார். அது நெடிய உழைப்பு. ஹார்டியும் இராமானுஜனும் 1918-ஆம் ஆண்டில் வெளியிட்ட சூத்திரத்தில் எட்டே உறுப்புகளைக் கூட்டிய அளவில் அவ்விடை ஏறக்குறைய வந்துவிட்டது. வேறுபாடு ஒன்றில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. நெடுங்கணக்கைக் குறுங்கணக்காக்கும் இவ்வாற்றலே நாம் மேலே கூறப்போகும் கட்டுரையிலும் காணப்படுவது.

1918-ஆம் ஆண்டுக் கட்டுரை

அக்கட்டுரை கேம்பிரிட்ஜ் தத்துவ சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அதன் பொருள் சில திரிகோணமிதிக் கூட்டுத்தொகைகளும் எண் கணிதத்தில் அவற்றின் பயனும்.

ஒரு வட்டத்தின் சுற்றை 5 சம பங்காகப் பிரிப்போம். பிரிக்கும் புள்ளிகள் 72, 144, 216, 288, 360 பாகைகளில் நிற்கும். 72 பாகையின் கோசைன் 0.309 எனத் தொடங்கி முடிவின்றி ஓடும் தசமம். 144 பாகையின் கோசைன் −0.809 எனத் தொடங்கும் மற்றொரு முடிவிலாத் தசமம். இவற்றை எத்தனை இலக்கம் எழுதினாலும் முழுமையாக எழுதியதாகாது. ஆயின் 72, 144, 216, 288 என்னும் நான்கு பாகைகளின் கோசைன்களையும் கூட்டினால், முடிவிலாத தசமங்கள் ஒன்றையொன்று தின்று மறைய, விடை சரியாக −1 ஆகிறது.

இத்தகைய கூட்டல்களையே இராமானுஜன் எடுத்துக்கொண்டார். வட்டத்தை எத்தனை பங்காக்கினோமோ அவ்வெண்ணோடு 1 அல்லாத பொது வகுத்தி இல்லாத புள்ளிகளை மட்டும் கொள்ளவேண்டும். அவற்றின் கோணங்களை 0, 1, 2, 3 என முறையே பெருக்கி, ஒவ்வொரு முறையும் கோசைன்களைக் கூட்டவேண்டும். வரும் விடை எப்போதும் முழு எண்ணே. 2 பங்குக்கு 1, −1 என வரும். 3 பங்குக்கு 2, −1, −1. நான்குக்கு 2, 0, −2, 0. ஐந்துக்கு 4, −1, −1, −1, −1. ஆறுக்கு 2, 1, −1, −2, −1, 1. ஒவ்வொரு வரிசையும் முடிந்த இடத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிச் சுழலும்.

இவற்றை அவருக்கு முன்னரும் ஐரோப்பியக் கணிதர் சிலர் அறிந்திருந்தனர். ஆயின் இவ்வரிசைகளைச் செங்கற்களாகக் கொண்டு எண் கணிதத்தின் பெரிய பொருள்களைக் கட்டலாம் என்று காட்டியவர் இராமானுஜன். ஓர் எண்ணின் வகுத்திகளின் கூட்டுத்தொகை என்பது ஒழுங்கின்றி ஏறி இறங்குவது. 6-க்கு அது 12, 7-க்கு 8, 8-க்கு 15. இவ்வொழுங்கின்மையும் மேற்கண்ட சுழல் வரிசைகளை அளவறிந்து அடுக்குவதனால் பிறப்பதே என்று அவர் நிறுவினார். இன்று உலகம் அவற்றை இராமானுஜன் கூட்டுத்தொகைகள் என்றே வழங்குகிறது.

வடிகட்டியும் முழு எண்ணும்

இனி இதன் பயனைக் கூறுவோம். யாப்பிலும் அணியிலும் பயின்ற நமக்கு மடக்கு என்பது புதிதன்று. ஒரு சொல் மடங்கி மீண்டும் வருவது அது. எண் வரிசை மடங்கி வருவதையும் அப்பெயராலேயே சுட்டுவோம். வெண்ணந்தூர்த் தறியில் நெய்த துணியின் கரையில், ஊடை ஊடையாக எண்ணிச் செல்லுங்கால், வண்ண இழைகள் 5, 2, 2, 5, 2, 2 என அமைந்திருப்பதாகக் கொள்வோம். கண்ணுள்ளவர் மூன்றுக்கு ஒரு மடக்கு என்று உடனே கூறுவர். கண்ணில்லாப் பொறி எங்ஙனம் அறியும்?

இராமானுஜனுடைய வரிசைகளை அக்கரையின்மேல் வைத்துப் பெருக்கிக் கூட்டிப் பார்ப்போம். இரண்டின் வரிசையாகிய 1, −1 என்பதை வைத்தால், 5−2+2−5+2−2, விடை 0. ஆகவே இரண்டின் மடக்கு இல்லை. மூன்றின் வரிசையாகிய 2, −1, −1 என்பதை வைத்தால், 10−2−2 ஒருமுறை, மீண்டும் 10−2−2 ஒருமுறை, விடை 12. மூன்றின் மடக்கு உண்டு. ஆறின் வரிசையை வைத்தால், 10+2−2−10−2+2, விடை 0. ஆறு என்பது மூன்றின் மடங்கேயாயினும், ஆறுக்கே உரிய புதிய மடக்கு ஒன்றும் அக்கரையில் இல்லை என்பதை அவ்வரிசை தெளிவாகக் கூறிவிடுகிறது. அரிசியும் நொய்யும் தவிடும் வெவ்வேறு சல்லடையில் பிரிவதுபோல, ஒவ்வொரு மடக்கும் தனக்குரிய வரிசையில் மட்டுமே தங்குகிறது.

இக்காலத்தில் ஒலி முதலியவற்றைச் சமிக்ஞை என்பர். தொலைபேசியில் நம் குரல் ஒரு நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு எண் வரிசையாக மாற்றப்படுவது வழக்கம். அவ்வெண்களிலிருந்து வேண்டியதைக் கொண்டு வேண்டாததைத் தள்ளும் கணக்கே எண் வடிகட்டி. தொலைபேசியில் நாம் பேசிய சொல்லே எதிரொலியாகத் திரும்பிவந்து இடர் செய்வதுண்டு. அதனை நீக்குதற்குத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வடிகட்டி வேண்டும். அமெரிக்காவில் விட்ரோ, ஹாஃப் என்னும் இருவர் 1960-ஆம் ஆண்டில் அதற்கு எளிய முறை ஒன்றை வகுத்தனர். துணியின் போக்கைப் பார்த்துப் பார்த்து நெசவாளி பாவின் இறுக்கத்தைச் சரிசெய்வதுபோல, அவ்வடிகட்டியும் ஒவ்வொரு எண் வந்தவுடன் தன் பிழையை அளந்து, தன் பெருக்கெண்களைச் சிறிது சிறிது மாற்றிக்கொள்ளும்.

இதில் வரும் இடர் கணக்கின் சுமையே. வடிகட்டியில் 500 பெருக்கெண்கள் இருப்பின், ஒவ்வொரு எண்ணுக்கும் வடிகட்டுதற்கு 500 பெருக்கலும் திருத்துதற்கு ஏறக்குறைய 500 பெருக்கலும் வேண்டும். நொடிக்கு 8,000 எண்கள் வருமாயின் ஒரு நொடியில் 80 இலட்சம் பெருக்கல். கூட்டல் பொறிக்கு எளிது. பெருக்கலோ பல கூட்டல்களின் தொகுதியாதலால் இடத்தையும் மின்சாரத்தையும் மிகுதியாகக் கொள்வது. ஆதலின் பொறியியலார் பல சுருக்க வழிகளைக் கண்டனர். பிழையின் அளவை விட்டு, கூடுதலா குறைவா என்னும் குறியை மட்டும் கொள்வது ஒரு வழி. பெருக்கெண்களை 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்களாகத் திருத்திக்கொள்வது மற்றொரு வழி. நாம் பத்தால் பெருக்க ஒரு சுழி சேர்ப்பதுபோல, இரண்டே இலக்கங்களால் எண்ணும் கணிப்பொறிக்கு இரட்டித்தல் என்பது ஓர் இடம் நகர்த்துவதே. இச்சுருக்கங்கள் வேகத்தைத் தரும். ஆயின் உண்மையான தசமத்தை அருகிலுள்ள எளிய எண்ணாக மாற்றுவதனால் நுட்பம் சிறிது குறையும். வேகத்துக்கு அது கொடுக்கும் விலை.

இராமானுஜனுடைய வரிசைகளின் சிறப்பு இவ்விடத்தே விளங்கும். அவை எளிதாக்கப்பட்ட எண்கள் அல்ல, இயல்பிலேயே எளியவை. மேலே நாம் கரையின்மேல் வைத்த வரிசைகளில் 1, 2 என்பவற்றை மிக்க எண் ஒன்றும் இல்லை. பெருக்கல் என்பதே வேண்டாமல் கூட்டல், கழித்தல், இரட்டித்தல் என்பவற்றால் எல்லாம் முடிந்தன. தசமத்தை எங்கே வெட்டுவது என்னும் வினாவும் எழவில்லை. மடக்கின் நீளம் மிக மிக வரிசையில் பெரிய எண்களும் வரும். எனினும் அவையும் முழு எண்களே. தன்னைத் திருத்திக்கொள்ளும் வடிகட்டி செய்யும் பணி அனைத்தையும் இவை செய்யா. மடக்கைத் தேடுவதே இவற்றின் பணி. அப்பணியில் இவை நுட்பம் குறையாமலே கணக்கைக் குறைப்பவை.

இதனைக் கண்டு பயன்படுத்தியவர் பிற்காலத்தார். 2002-ஆம் ஆண்டில் பிளனா முதலிய ஆராய்ச்சியாளர் சிலர் தாழ்ந்த அதிர்வுடைய இரைச்சலை ஆராய இக்கூட்டுத்தொகைகளைக் கொண்டனர். பின்னர் இதயத்தின் மின்பதிவில் துடிப்புக்குத் துடிப்பு மாறிவரும் சிறு வேறுபாட்டை அறியவும் இவை கொள்ளப்பட்டன. 2014-ஆம் ஆண்டில் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் பி. பி. வைத்தியநாதன், இராமானுஜன் வரிசைகளைச் சமிக்ஞைக் கணிதத்தின் அடிப்படையோடு பொருத்தி விரிவான கட்டுரைகள் வெளியிட்டார். அவரும் அவர் மாணாக்கர் ஸ்ரீகாந்த் தென்னேட்டியும் சேர்ந்து, ஒவ்வொரு மடக்குக்கும் ஒன்றாக அமைந்த வடிகட்டித் தொகுதியை இராமானுஜன் பெயராலேயே அமைத்தனர். மடக்கு இடையிலே மாறினும், மாறிய இடத்தையும் மாறிய நீளத்தையும் அது தொடர்ந்து காட்டவல்லது. உயிரணுவின் டி.என்.ஏ. இழையில் மடங்கி மடங்கி வரும் பகுதிகளைத் தேடவும் அது பயன்பட்டது.

நோயும் முடிவும்

அரிய கட்டுரைகள் வெளிவந்த அதே காலத்தில் அவர் உடல் நைந்துகொண்டிருந்தது. 1917-ஆம் ஆண்டு முதல் மருத்துவ விடுதிகளிலேயே பெரும்பொழுது கழிந்தது. காச நோய் என்று அக்கால மருத்துவர் கருதினர். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருத்தல் கூடும் என்பது பிற்கால ஆராய்ச்சி. அந்நிலையிலும் 1918-ஆம் ஆண்டில் ராயல் சொஸைட்டியின் உறுப்பினர் பதவியும், அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியின் பெலோ பதவியும் அவரை நாடி வந்தன. அக்கல்லூரியில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. வறுமையால் காகிதமும் வாங்க இயலாதிருந்த அவர் 1919-ஆம் ஆண்டு ஜனவரியில் அதற்கு விடை எழுதினார். பெற்றோர்க்கு வேண்டிய அளவும் தமக்குத் தேவையான அளவும் போக மிஞ்சுவதை, ஏழைச் சிறுவர்க்கும் தாய்தந்தையற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளம் கட்டுதல், புத்தகம் வாங்குதல் முதலிய உதவிகளுக்குச் செலவிடும்படி அவர் வேண்டிக்கொண்டார். அவருடைய சூத்திரங்கள் நமக்கு விளங்காமற் போகலாம். இவ்விடை விளங்காதார் இலர்.

1919-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடு திரும்பினார். அவ்வாண்டின் கோடையில் காவிரிக்கரையிலே, தாம் பிறந்த ஈரோட்டுக்கு அண்மையிலுள்ள கொடுமுடியில் சில நாள் தங்கினார். நோய் தணியவில்லை. பின் கும்பகோணத்திலும் சென்னையிலும் மருத்துவம் நடந்தது. 1920-ஆம் ஆண்டு ஜனவரியில் புதிய வகைச் சார்புகள் சிலவற்றைத் தாம் கண்டதாக ஹார்டிக்கு எழுதினார். படுக்கையில் சாய்ந்தபடியே கணக்கிட்டார். ஜானகியம்மாள் அருகிருந்து பணிவிடை செய்தார். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் அவ்வுயிர் பிரிந்தது. வயது 32. இறுதியாண்டில் அவர் எழுதிய தாள்கள் டிரினிட்டிக் கல்லூரி நூல்நிலையத்தில் நெடுநாள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1976-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணிதரால் கண்டெடுக்கப்பட்டன. ஜானகியம்மாள் 1994-ஆம் ஆண்டுவரை வாழ்ந்திருந்தார்.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கவை இரண்டு. கற்கும் பொருளைக் கண்டு, இதனால் ஆவது என்ன என்று உடனே வினவுவது இக்கால வழக்கமாகிவிட்டது. தமிழ் பயிலும் நம்மை நோக்கியும் அவ்வினாவை எழுப்புவார் பலர். இராமானுஜன் அக்கட்டுரையை எழுதிய நாளில் கணிப்பொறி இல்லை. எண் வடிகட்டி என்னும் சொல்லும் இல்லை. எண்களின் ஒழுங்கை அறியவேண்டும் என்னும் வேட்கை ஒன்றே இருந்தது. அன்று அவரை நோக்கி அவ்வினாவை எழுப்பியிருப்பின் அவரிடம் விடை இருந்திராது. விடை வந்து சேர ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று.

மற்றொன்று, அவரைத் தேர்வு கைவிட்டபோது கைவிடாத சிலர் இருந்தனர் என்பது. திருக்கோவிலூரில் ஒருவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். நெல்லூர்க் கலெக்டர் 25 ரூபாய் தந்தார். துறைமுகத்தில் ஒருவர் பலகையோடு உடனமர்ந்தார். கேம்பிரிட்ஜில் ஒருவர் அறியாதார் கடிதத்தைப் படித்தார். இவருள் ஒருவர் தவறியிருப்பினும் அக்குறிப்பேடுகள் கும்பகோணத்து வீட்டுப் பரணில் செல்லரித்துப் போயிருத்தல் கூடும். தேர்வில் தவறி, வெண்ணந்தூரிலும் அதனைப்போன்ற ஊர்களிலும் தறிக்கே திரும்பிவிட்ட பிள்ளைகள் உளர். அவர்களுடைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்ப்பார் யார்? கற்று வெளியேறும் நாம் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் அமர்வோம். அன்று நம் மேசைக்கு ஒரு பழைய குறிப்பேடு வருமாயின், அதனைத் திறந்து பார்த்தலே இராமானுஜனுக்கு நாம் செய்யும் கைம்மாறு ஆகும்.